எடிசனின் இறுதித் தேடல்

தாமஸ் ஆல்வா எடிசன் என்றவுடன் மின்விளக்கு நம் நினைவுக்கு வருகிறது. ஒலியைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்த கருவியும் அவருடைய படைப்பே. அமெரிக்காவில் மட்டும் 1,093 காப்புரிமைகளைப் பெற்றவர் அவர். ஆயினும், தம் வாழ்வின் கடைசி நான்கு ஆண்டுகளில் அவருடைய உழைப்பின் பெரும்பகுதி மின்சாரத்துக்குச் செல்லவில்லை. சாலையோரங்களிலும் ஈர நிலங்களிலும் தானாக முளைத்து நிற்கும் ஒரு மஞ்சள் பூச் செடிக்கே சென்றது. அந்தத் தேடலுக்கும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

எடிசன் 1847-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள மிலான் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் அவர் சில மாதங்களே பயின்றார். அதன் பின்னர், அவருடைய தாயார் நான்சி வீட்டிலேயே அவருக்குக் கல்வி புகட்டினார். நூல்களில் படித்த சோதனைகளைத் தாமே செய்து பார்க்காமல் சிறுவன் எடிசனால் இருக்க முடியவில்லை. வீட்டின் நிலவறையில் புட்டிகளையும் வேதிப்பொருள்களையும் அடுக்கிவைத்து ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு வயதில் அவர் இரயிலில் நாளிதழ்களும் தின்பண்டங்களும் விற்கத் தொடங்கினார். பதினைந்தாம் வயதில் ஓடும் இரயிலிலேயே ஒரு சிறு வார இதழை அச்சிட்டு வெளியிட்டார். இளமையிலேயே அவருடைய செவித்திறன் குன்றத் தொடங்கியது. அதனை அவர் பெருங்குறையாக எண்ணி மனம் சோரவில்லை. சுற்றியுள்ள இரைச்சல் தம்மை அணுகாததால், எடுத்த செயலில் ஆழ்ந்து ஈடுபட அது உதவியது என்றே கருதினார்.

தந்தி இயக்குநராகப் பணிபுரிந்த பின்னர், 1876-ஆம் ஆண்டில் அவர் நியூ ஜெர்சி மாநிலத்தின் மென்லோ பார்க் என்னும் இடத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அங்குதான் அவருடைய வேலைமுறை முழு வடிவம் பெற்றது. ஒரு பொருள் பயன்படுமா என்ற ஐயம் எழுந்தால் அதனை ஊகத்தால் தீர்க்க அவர் விரும்புவதில்லை. கையில் எடுத்துச் சோதித்துப் பார்ப்பார். மின்விளக்கின் இழைக்காக அவர் ஆயிரக்கணக்கான தாவர நார்களைச் சோதித்தார். 1879-ஆம் ஆண்டில் கரியாக்கப்பட்ட பருத்தி நூல் பல மணி நேரம் ஒளிர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே மூங்கில் இழை அதனைவிடப் பன்மடங்கு நேரம் எரிந்தது. உடனே, சிறந்த மூங்கிலைத் தேடி அவர் உலகின் பல பகுதிகளுக்கும் ஆள்களை அனுப்பினார். ஜேம்ஸ் ரிக்கால்டன் என்னும் பள்ளி ஆசிரியர் அதற்காகவே இலங்கை, இந்தியா, பர்மா முதலிய நாடுகளில் பயணம் செய்தார். ஜப்பானிய மூங்கிலே முதலில் வெற்றி தந்தது. ஒரு கேள்விக்கு விடை தேட ஆயிரம் தாவரங்களைப் புரட்டிப் பார்க்கும் அந்தப் பழக்கம், முதுமைக் காலத்தில் எடிசனுக்கு மீண்டும் கைகொடுத்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகிழுந்துகள் அமெரிக்கச் சாலைகளை நிரப்பின. ஒவ்வொரு மகிழுந்துக்கும் டயர்கள் தேவைப்பட்டன. டயர்களுக்கு இரப்பர் தேவைப்பட்டது. ஆனால், அமெரிக்காவில் இரப்பர் மரங்கள் வளரவில்லை. அவற்றின் தாயகம் பிரேசில். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்பவர் அங்கிருந்து இரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டு வந்தார். அவ்விதைகளிலிருந்து வளர்ந்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூரை வந்தடைந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக விளங்கிய ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடு நேராமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். சில பத்தாண்டுகளில் மலாயாவின் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாக மாறின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள், விடியுமுன் எழுந்து மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரித்து அத்தோட்டங்களை இயக்கினர்.

இவ்வாறு உலகின் இரப்பரில் பெரும்பகுதி மலாயா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றிலிருந்து கிடைத்தது. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் இரப்பரின் விலை வீழ்ச்சியடைந்தது. அதனைத் தடுக்க, 1922-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஒன்றை நடைமுறைப்படுத்தியது. அதன்படி மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் இரப்பரின் அளவு குறைக்கப்பட்டது. விலை மளமளவென ஏறியது. 1925-ஆம் ஆண்டில் ஒரு பவுண்டு இரப்பர் ஒரு டாலருக்கும் மேல் விற்றது. உலகிலேயே மிகுதியான இரப்பரை வாங்கிய அமெரிக்கா இதனால் கலங்கியது.

எடிசனின் நெருங்கிய நண்பர்கள் இருவருக்கு இது நேரடியான சிக்கலாக இருந்தது. ஒருவர் மகிழுந்து உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு. மற்றொருவர் டயர் உற்பத்தியாளர் ஹார்வி ஃபயர்ஸ்டோன். மூவரும் கோடைக் காலங்களில் காடுமலைகளில் கூடாரமடித்துத் தங்கும் வழக்கமுடையவர்கள். ஃபயர்ஸ்டோன் 1926-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் இரப்பர்த் தோட்டம் அமைத்தார். ஃபோர்டு பிரேசிலின் அமேசான் காட்டில் நிலம் பெற்றார். எடிசனின் எண்ணம் வேறு வழியில் சென்றது.

முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்கு அறிவுரை வழங்கிய குழுவுக்கு எடிசன் தலைமை தாங்கினார். கடல்வழி அடைபட்டதால் ஜெர்மனி இரப்பர் இல்லாமல் தவித்ததை அவர் அறிந்திருந்தார். மீண்டும் ஒரு போர் மூண்டு, கீழை நாடுகளிலிருந்து கப்பல்கள் வர இயலாத நிலை ஏற்பட்டால் தம் நாடு என்ன செய்யும் என்ற கேள்வி அவரை வாட்டியது. அயல்நாட்டுத் தோட்டங்கள் அதற்கு விடையாகா. அமெரிக்க மண்ணிலேயே வளரும் ஒரு செடியிலிருந்து இரப்பர் எடுக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1927-ஆம் ஆண்டில், தம் எண்பதாம் வயதில், ஃபோர்டு, ஃபயர்ஸ்டோன் ஆகியோரின் துணையுடன் எடிசன் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

எந்தச் செடி வேண்டும் என்பதை எடிசன் முதலிலேயே தெளிவாக வரையறுத்துக்கொண்டார். இரப்பர் மரம் பால் தருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன் பாலை எடுக்க ஏராளமான ஆள்கள் தேவை. போர்க்காலத்தில் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. ஆகவே, நட்ட ஓராண்டுக்குள் அறுவடைக்கு வர வேண்டும்; பனியைத் தாங்க வேண்டும்; புல்லை அறுப்பதைப்போல இயந்திரத்தால் அறுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மெக்சிகோவின் வறண்ட நிலங்களில் வளரும் குவாயூலே என்னும் புதரில் நல்ல இரப்பர் இருந்தது. ஆனால், அது முதிர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த ஒரு கொடியிலும் பால் நிறைய இருந்தது. ஆனால், அதனைக் கையால்தான் சேகரிக்க வேண்டும். பனியையும் அது தாங்காது. இவ்விரண்டும் எடிசனின் தேவைக்குப் பொருந்தவில்லை.

ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் மையர்ஸ் நகரில் ஆற்றங்கரையை ஒட்டி எடிசனுக்கு ஒரு குளிர்கால இல்லம் இருந்தது. அந்த இல்லத்தின் எதிரே 1928-ஆம் ஆண்டில் ஒரு புதிய ஆய்வுக்கூடம் எழுந்தது. சுற்றிலும் பாத்திகள் அமைக்கப்பட்டுப் பலவகைச் செடிகள் பயிரிடப்பட்டன. பால் வடியும் மரங்களும் அங்கு நடப்பட்டன. அவற்றுள் இந்தியாவுக்கு உரிய ஆலமரமும் ஒன்று.

செடிகளைச் சேகரிப்பதற்காக எடிசன் ஆள்களை அமர்த்தினார். அவர்கள் ஃபோர்டு மகிழுந்துகளில் தென் மாநிலங்களின் ஊர்தோறும் அலைந்தனர். சாலையோரம், தரிசு நிலம், சதுப்பு நிலம், மணல்மேடு என எவ்விடத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு செடியையும் எங்கே, எப்போது, எத்தகைய மண்ணில் பறித்தனர் என்பதைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஓர் எண்ணும் இட்டனர். இப்படிச் சோதனைக்கு வந்த தாவர மாதிரிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 17,000 ஆகும்.

சோதனை முறை எளியதுதான். ஆனால், மிகுந்த பொறுமையை வேண்டியது. முதலில் இலைகளை உலர்த்திப் பொடியாக்குவர். அப்பொடியை அசிட்டோன் என்னும் நீர்மத்தில் ஊறவைப்பர். இலையின் பச்சையமும் பிசினும் அதில் கரைந்து வெளியேறும், இரப்பர் கரையாது. பின்னர், எஞ்சிய பொடியை பென்சீனில் இடுவர். இரப்பர் அதில் கரையும். அந்தக் கரைசலை உலர்த்தினால் எவ்வளவு இரப்பர் இருந்தது என்பது தெரியவரும். பெரும்பாலான செடிகளில் ஒன்றுமே இல்லை. சிலவற்றில் மிகச் சிறிதளவே இருந்தது. ஒவ்வொரு முடிவையும் எடிசன் தம் குறிப்பேடுகளில் தம் கையாலேயே எழுதி வைத்தார்.

நாள்கள் செல்லச் செல்ல, குறிப்பேடுகளில் ஒரு செடியின் பெயர் மீண்டும் மீண்டும் இடம்பெறத் தொடங்கியது. ஆங்கிலத்தில் ‘கோல்டன்ராட்’ என்று வழங்கும் அச்செடியைத் தமிழில் பொற்கோல் எனலாம். கோடையின் முடிவில், நிமிர்ந்து நிற்கும் அதன் தண்டின் உச்சியில் நூற்றுக்கணக்கான சிறு மஞ்சள் பூக்கள் கொத்தாகப் பூக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் பொன்னால் செய்த கோலை மண்ணில் ஊன்றியது போலத் தோன்றும். அமெரிக்க மக்களுக்கு அது மிகவும் பழக்கமான செடி. அதன் பூந்தூள்தான் தும்மலை உண்டாக்குகிறது என்று பலர் அதன்மேல் வீண்பழி சுமத்துவதும் உண்டு. உண்மையில், அதன் பூந்தூள் கனமானது. பூச்சிகளின் உடலில் ஒட்டிச் செல்வது. தும்மலை வருவிப்பது, அதே பருவத்தில் அதன் அருகில் கண்ணுக்குப் புலப்படாத சிறு பூக்களுடன் வளரும் வேறொரு களைச்செடியாகும்.

பொற்கோலின் தண்டை ஒடித்தால் இரப்பர் மரத்தைப்போலப் பால் வடியாது. அதன் இரப்பர் இலைகளின் நுண்ணறைகளுக்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே, பார்த்த மாத்திரத்தில் எந்தச் செடியில் இரப்பர் இருக்கிறது என்று எவராலும் சொல்ல இயலாது. அதனைவிடப் பெரிய இடர் ஒன்றும் இருந்தது. பொற்கோல் என்பது ஒரே இனமன்று. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அப்பெயரில் அடங்கும். அவற்றுள் பெரும்பாலானவை வட அமெரிக்காவுக்கே உரியவை. பூக்கள் பெரும்பாலும் மஞ்சள்; தண்டுகள் பெரும்பாலும் நிமிர்ந்தவை. போதாக்குறைக்கு, அருகருகே வளரும் இரு இனங்கள் ஒன்றோடொன்று கலந்து, இரண்டின் சாயலும் கொண்ட புதிய செடிகளையும் தோற்றுவிக்கும். தாவரவியலாளர்களே தடுமாறும் கூட்டம் அது.

சோதனையில் ஒரு செடி நல்ல இரப்பரைத் தந்தாலும், அது எந்த இனம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த முடிவால் பயனில்லை. அடுத்த முறை வயலில் அதே செடியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? பெயர் பிழையானால் மாதக்கணக்கான உழைப்பும் பிழையாகிவிடும்.

ஆகவே, பூவின் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் செடி முழுவதையும் கூர்ந்து நோக்க வேண்டியிருந்தது. முதலில் பூங்கொத்தின் வடிவத்தைக் காண வேண்டும். சில இனங்களில் அது ஒரு பக்கமாக வளைந்த இறகைப்போல இருக்கும். சிலவற்றில் நேரான கோலைப்போல இருக்கும். வேறு சிலவற்றில் தட்டையாக விரிந்திருக்கும். அடுத்து, இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அதில் மூன்று நரம்புகள் நீளவாக்கில் தெளிவாக ஓடுகின்றனவா அல்லது ஒரு நடுநரம்பிலிருந்து கிளைகள் பிரிகின்றனவா என்பது முக்கியமான அடையாளம். தண்டைத் தடவிப் பார்த்தால் அது வழுவழுப்பாக இருக்கிறதா, மெல்லிய மயிர்களுடன் இருக்கிறதா என்பது விளங்கும். ஓர் இனத்தின் இலையைக் கசக்கினால் சோம்பின் மணம் வீசும். இன்னோர் இனம் கடற்கரை உப்பு மண்ணில் தடித்த இலைகளுடன் வளரும். மண்ணுக்கு அடியில் உள்ள கிழங்குத் தண்டு நீண்டு படர்கிறதா, குட்டையாக நிற்கிறதா என்பதையும் தோண்டிப் பார்க்க வேண்டும். இவை அனைத்தும் ஒத்துவந்தால்தான் ஒரு பெயரை உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்பணியில் எடிசன் தம் புகழை நம்பியிருக்கவில்லை. அறிந்தவர்களின் உதவியை நாடினார். நியூயார்க் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜான் குங்கெல் ஸ்மால் என்பவர், தென்கிழக்கு அமெரிக்காவின் தாவரங்களை நன்கு ஆராய்ந்தவர். செடிகளை இனங்காண்பதில் அவர் எடிசனுக்குத் துணைபுரிந்தார். உலகமே போற்றிய கண்டுபிடிப்பாளர் எண்பது வயதில் மீண்டும் மாணவராகித் தாவரவியல் நூல்களைக் கட்டுக்கட்டாகப் படித்தார். வீட்டில் எப்போதும் இரப்பரைப் பற்றிய பேச்சாகவே இருந்ததை அவருடைய மனைவி மைனா கூறியுள்ளார். பின்னாளில் ஒரு பொற்கோல் வகைக்கு எடிசனின் பெயரைச் சூட்டித் தாவரவியலாளர்கள் அவரைச் சிறப்பித்தனர். எனினும், அது தனி இனமன்று, முன்பே அறியப்பட்ட இன்னோர் இனத்தைச் சேர்ந்ததே என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதினர். பொற்கோலை இனங்காண்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே ஒரு சான்றாகும்.

பல பொற்கோல் இனங்களைச் சோதித்த பின்னர், லெவன்வொர்த் பொற்கோல் என்னும் இனம் எடிசனின் கவனத்தை ஈர்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த லெவன்வொர்த் என்ற படை மருத்துவரும் தாவரவியலாளருமான ஒருவரின் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது. ஃபுளோரிடா, ஜார்ஜியா முதலிய தென்கிழக்கு மாநிலங்களின் ஈரமான நிலங்களில் அது இயல்பாகவே வளர்ந்தது. ஓராண்டுக்குள் முதிர்ந்தது. அறுத்த பின்னர் வேரிலிருந்து மீண்டும் துளிர்த்தது. எடிசன் தேடிய பண்புகள் பலவும் அதில் அமைந்திருந்தன.

ஆனால், ஒரே இனத்தைச் சேர்ந்த செடிகளிலும் இரப்பரின் அளவு வேறுபட்டது. ஒன்றில் மிகுதியாகவும் பக்கத்துச் செடியில் குறைவாகவும் இருந்தது. ஆகவே, எடிசன் மிகச் சிறந்த செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தம் பாத்திகளில் வளர்த்தார். அவற்றுள்ளும் சிறந்தவற்றைப் பிரித்தெடுத்து மீண்டும் பெருக்கினார். காட்டில் பெரும்பாலும் ஆறடிக்கு மேல் வளராத அச்செடி, அவருடைய தோட்டத்தில் ஏறத்தாழ 12 அடி உயரம் வளர்ந்தது. சிறந்த செடிகளில் இரப்பரின் அளவு ஏறத்தாழ 12 விழுக்காடு வரை உயர்ந்தது.

ஆய்வு முன்னேறிய அதே வேளையில் உலகின் நிலை மாறிக்கொண்டிருந்தது. 1928-ஆம் ஆண்டில் ஸ்டீவன்சன் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் பொருளாதார மந்தநிலை உலகை உலுக்கியது. மகிழுந்துகளை வாங்குவார் குறைந்தனர். இரப்பரின் விலை அதலபாதாளத்தில் விழுந்தது. 1932-ஆம் ஆண்டில் ஒரு பவுண்டு இரப்பர் சில சென்ட்டுகளுக்கே விற்றது. மலாயாவில் தோட்டங்கள் ஆள்குறைப்புச் செய்தன. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டுத் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரு பொருளின் விலை, கடலின் இரு கரைகளிலும் மனிதர்களின் வாழ்வை இவ்வாறு புரட்டிப் போட்டது. இவ்வளவு மலிவாக மலாயா இரப்பர் கிடைக்கும்போது பொற்கோல் எதற்கு என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால், எடிசனின் நோக்கம் மலிவான இரப்பர் அன்று. ஆபத்துக் காலத்தில் கைகொடுக்கும் இரப்பர். ஆகவே, அவர் ஆய்வை நிறுத்தவில்லை.

காலம் அவருக்கு இடம் தரவில்லை. நீரிழிவு நோயும் முதுமையும் அவரைத் தளர்த்தின. 1931-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வழக்கம்போல ஃபோர்ட் மையர்ஸ் சென்று பொற்கோல் ஆய்வைத் தொடர்ந்தார். அதுவே அவருடைய கடைசிப் பயணமாக அமைந்தது. ஆகஸ்டு மாதத்தில் நோய்வாய்ப்பட்டு வீழ்ந்த அவர், அக்டோபர் 18-ஆம் நாள் தம் 84-ஆம் வயதில் நியூ ஜெர்சியில் இயற்கை எய்தினார். மூன்று நாள் கழித்து, அவர் அடக்கம் செய்யப்பட்ட நாளின் இரவில், அமெரிக்க மக்கள் தங்கள் மின்விளக்குகளை ஒரு நிமிடம் மங்கச் செய்து அவருக்கு அஞ்சலி செலுத்தினர்.

எடிசனின் மறைவுக்குப் பின்னர் அவருடைய மைத்துனர் ஜான் மில்லர் ஆய்வைத் தொடர்ந்து நடத்தினார். 1934-ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறை அதனை ஏற்றுக்கொண்டது. எடிசன் தேர்ந்தெடுத்த செடிகள் ஜார்ஜியா மாநிலத்தில் பயிரிடப்பட்டன. ஆனால், ஆர்வம் குறைந்ததால் சில ஆண்டுகளில் அம்முயற்சி தளர்ந்தது.

எடிசன் அஞ்சிய நாள் விரைவிலேயே வந்தது. 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படைகள் மலாயாவில் கரையிறங்கின. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை இரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே வீச்சில் நின்றுபோனது. பழைய டயர்களையும் காலணிகளையும் மக்களிடம் திரட்டும் நிலை அந்நாட்டுக்கு ஏற்பட்டது. அப்போதுதான் பொற்கோலை மீண்டும் நினைத்தனர். ஜார்ஜியாவில் மறுபடியும் அதனைப் பயிரிட்டு ஆராய்ந்தனர்.

ஆயினும், பொற்கோலால் அந்தத் தேவையை நிறைவேற்ற இயலவில்லை. அதன் இரப்பர், மரத்திலிருந்து கிடைக்கும் இரப்பரைவிட வலிமை குறைந்ததாக இருந்தது. அதன் மூலக்கூறுகள் நீளம் குறைந்தவை என்பதே அதற்குக் காரணம். நல்ல டயருக்கு நீண்ட மூலக்கூறுகள் வேண்டும். இறுதியில், பெட்ரோலியம் முதலிய மூலப்பொருள்களிலிருந்து உருவாக்கப்பட்ட செயற்கை இரப்பரே அமெரிக்காவின் குறையைத் தீர்த்தது. எடிசனின் வழி வெற்றி பெறவில்லை. அவருடைய எச்சரிக்கை மட்டும் முற்றிலும் உண்மையாயிற்று.

அப்படியானால், அந்த நான்கு ஆண்டுகளும் வீணாயினவா? இல்லை என்றே கூற வேண்டும். அமெரிக்கத் தாவரங்களில் எவற்றில் எவ்வளவு இரப்பர் உள்ளது என்பதை அதற்கு முன்னர் எவரும் அவ்வளவு விரிவாகச் சோதித்ததில்லை. பயன்படாதவை எவை என்பதை உறுதியாக அறிவதும் அறிவியலில் ஒரு முன்னேற்றமே. பின்னால் வருபவர்கள் அதே பாதையில் மீண்டும் அலைய வேண்டியதில்லை. பெரிய கண்டுபிடிப்பாளராயினும், ஒரு களைச்செடியின் இலை நரம்பைப் புரிந்துகொள்ள வல்லுநரிடம் கேட்டு அறிவதில் சிறுமை இல்லை என்பதையும் எடிசன் வாழ்ந்து காட்டினார்.

ஃபோர்ட் மையர்ஸ் நகரில் அவருடைய தாவரவியல் ஆய்வுக்கூடம் இன்றும் பேணப்படுகிறது. மேசைகளின்மேல் கண்ணாடிக் குடுவைகளும் புட்டிகளும் அன்று இருந்தவாறே வரிசையாக நிற்கின்றன. 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியல் கழகம் அதனை ஒரு வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. சிறு கன்றாக நடப்பட்ட ஆலமரம் விழுதுகள் ஊன்றி ஒரு தோப்பைப்போலப் பரந்து நிற்கிறது. அந்நாட்டின் சாலையோரங்களில் ஆண்டுதோறும் கோடை முடியும் வேளையில் பொற்கோல் பூக்கிறது. பலர் அதனைக் களையென்று கடந்து செல்கின்றனர். நின்று, குனிந்து, இலையைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே அது எந்த இனம் என்பது தெரியவருகிறது.